கடைசி பெஞ்சில் உன் அண்ணன்

என் அருமைத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணியும் நலம். நீயும், உன் மனைவியும், பிள்ளைகளும், பிள்ளைகளைவிடப் பத்திரமாக நீ துடைத்து நிறுத்திவைக்கும் அந்த லாரிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிற்க. உனக்கு உடனே தெரிவிக்க வேண்டிய ஒரு மானக்கேடு இங்கே நடந்துவிட்டது.

நான் படித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? உன் அண்ணிகூட, "சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, போய்த்தான் தொலையுங்களேன்" என்று அன்போடு ஊக்கப்படுத்தினாள். சரி என்று ஒரு சொற்பொழிவு தயார் செய்தேன். உதவி ஆசிரியராக நுழைந்து, தலைமை ஆசிரியராகி, கல்வி அதிகாரியாகி, ஊர் ஊராகப் பள்ளிகளைச் சோதித்து, மூட்டுவலியோடு வீடு வந்து சேர்ந்தது வரை எல்லாம் அதில் உண்டு. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். போனால், அங்கே மேடையையே காணோம்! முதல்வரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். தேநீரைக் கையில் கொடுத்து, "சார், இங்கே வந்து பேசுறதுக்கு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. உட்காரத்தான் ஆள் இல்லை" என்றார். விஷயம் என்னவென்றால், பயிற்சிக்கு வந்தவர்கள் நிஜப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னால் இங்கேயே மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பெஞ்சில் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். கூடப் படிக்கிறவர்களை உட்காரவைத்தால், சிநேகத்துக்காக எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிடுகிறார்களாம். அதனால் நான் பத்து வயசுப் பையனாம்! நான் உள்ளே நுழைந்தால் வகுப்பே எழுந்து நிற்கும், அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய்க் கடைசி பெஞ்சில் திணித்தார்கள். முட்டி மேசைக்கு அடியில் சிக்கிக்கொண்டது. ஓடிவிடலாம் என்றாலும் வழியில்லை.

பாடம் எடுக்க ஒரு பெண் வந்தாள். குரலே எழும்பவில்லை. முன்னால் இரண்டு தடவை தேறவில்லையாம். இன்றைக்கும் போய்விட்டால் படிப்பை மூட்டைகட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அவள் அப்பா ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டார் என்று, என்னைப்போலவே நடிக்க வந்திருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா காதில் போட்டார். ஐயோ பாவம் என்று இருந்தது. உதவி செய்யலாமே என்று, "அம்மா, பிள்ளைங்களுக்கு முதுகைக் காட்டி எழுதாதே, சாக்பீஸைச் சாய்ச்சுப் பிடி" என்றேன். பின்னாலிருந்து முதல்வரம்மா, "சார், பத்து வயசுப் பையன் இப்படியா பேசுவான்?" என்கிறார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வந்ததே கோபம்! பத்து வயசுப் பையன்தானே வேணும், இந்தா வாங்கிக்கோன்னு, எனக்குத் தெரிஞ்சதிலேயே மோசமான பத்து வயசுப் பையனை நினைச்சேன். வேற யாரு, நீதான்டா! என் முதல் வேலையில, என் முதல் வகுப்பில, சொந்த அண்ணன்னுகூடப் பார்க்காம என் உயிரை வாங்கினியே, அத்தனையும் அப்படியே செஞ்சேன். பென்சிலை உருட்டிவிட்டேன். பெஞ்சைக் கிறீச்சுன்னு இழுத்தேன். எழுந்திருக்க முடியாதுன்னு தெரிஞ்சும் தண்ணி குடிக்கப் போகணும்னேன். நர்ஸம்மா என் ரப்பரை எடுத்துக்கிட்டாங்கன்னு அழுதேன். அந்தப் பொண்ணு போர்டுல எழுதினதையே அழிச்சு அழிச்சு எழுதுது. அடப்பாவி, இவ வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போடறியேன்னு மனசு அடிச்சுக்குது. ஆனா நிறுத்த முடியலைடா, உன் புத்தி அப்படி!

அன்னைக்குப் பாடம் பின்னம். மூணில் ஒண்ணு பெரிசா, நாலில் ஒண்ணு பெரிசான்னு கேட்டா. நீ அந்தக் காலத்துல சொன்ன அதே பதிலைச் சொன்னேன். "நாலுதானே பெரிய நம்பர், அதனால நாலில் ஒண்ணுதான் பெரிசு!" அப்போ நான் உன்னை வெளியே நிக்க வெச்சேன், ஞாபகம் இருக்கா? இவளும் அதைத்தான் செய்வான்னு பார்த்தேன். இவ சாக்பீஸைக் கீழே வெச்சுட்டு நேரா வந்து, என் பக்கத்துலேயே பெஞ்சில உட்கார்ந்துட்டா. "உங்க வீட்ல ஒரு போர்வையில எத்தனை பேரு படுப்பீங்க?"ன்னு மெதுவா கேட்டா. எனக்கு நடிப்பெல்லாம் மறந்துபோச்சு. "முதல்ல மூணு பேரு டீச்சர். தம்பி வந்ததும் நாலு பேரு. அவன் சுருட்டிச் சுருட்டி இழுத்துக்குவான், என் முதுகு வெளியில கிடக்கும்"னேன். "அப்போ யாருக்குப் பங்கு அதிகம், மூணு பேர்ல ஒருத்தனுக்கா, நாலு பேர்ல ஒருத்தனுக்கா?" "மூணு பேர்ல ஒருத்தனுக்குத்தான் டீச்சர்! சத்தியமா மூணில் ஒண்ணுதான் பெரிசு!"ன்னு கத்தியே விட்டேன். அவ என் தலையைத் தடவி, "கெட்டிக்காரப் பையன்"னுட்டா. யாரை? கல்வி அதிகாரியை! என்னைக் கூட்டிப்போக வந்து வாசல்ல நின்ன உன் அண்ணி இதைப் பார்த்துத் தொலைச்சிட்டா. "கெட்டிக்காரப் பையா, ரோட்டைப் பார்த்து நட"ன்னு வீடு வர்ற வரைக்கும் ஒரே கேலி.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இனி அந்தக் கல்லூரிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். பட்ட நன்றிக்கடனுக்கு இவ்வளவு போதும். மனசு ஆறும்வரை ஒரு மாதம் உன் வீட்டில் வந்து இருக்கப்போகிறேன். மாடி அறையைச் சுத்தம் செய்து வை. உன் மனைவிக்கு என் ஆசி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், லாரிகளுக்கு என் மரியாதை.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத
அண்ணன்

பி.கு.: மாடி அறையை அப்படியே விடு, நான் வரலை. உறையை ஒட்டப்போற நேரத்துல முதல்வரம்மா போன் பண்ணினாங்க. அந்தப் பொண்ணு தேறிட்டா! வியாழக்கிழமை அடுத்த ஆள் பாடம் எடுக்குதாம், நான் கட்டாயம் வரணுமாம். சரின்னுட்டேன். பெஞ்சுக்குப் போட உன் அண்ணி சின்னதா ஒரு தலையணை தெச்சுக்கிட்டிருக்கா. அப்புறம் அந்தப் பொண்ணே போனை வாங்கி, "நிஜமா அப்படி ஒரு பையன் இருந்தானா சார்?"ன்னு கேட்டுச்சு. இருந்தான்மா, இப்போ லாரி முதலாளின்னேன். "அது சரி சார், அவனுக்கு அந்தக் கணக்கு எப்போ புரிஞ்சுது?"ன்னுச்சு. எனக்கு எப்படிடா தெரியும்? நீதான் வெளியே நின்னுக்கிட்டு இருந்தியே! நீயே வந்து சொல்லிடு. வியாழக்கிழமை, கடைசி பெஞ்சு. என் பக்கத்துல உனக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்.