தனி சர்வர் தரிசனம்

எங்கள் கடைத்தெருவில் காலையிலேயே வரிசை நிற்கிறது என்றால் ரொட்டிக்கடையில் தள்ளுபடி என்று பொருள். அப்படி நம்பித்தான் நானும் பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். வரிசை நகர்ந்தது. ரொட்டிக்கடையைத் தாண்டியும் நகர்ந்தது. கடைசியில் மூலையில் புதிதாக முளைத்த ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் போய் முடிந்தது. வாசலில் பலகை தொங்கியது: ‘இணையக் கண்ணேறு நீக்கும் நிலையம். தனி சர்வர் வாடகைக்குக் கிடைக்கும்.’

நான் பூட்டு, சாவி ரிப்பேர் செய்கிறவன். எனக்கு வலைத்தளம் கிடையாது. கண்ணேறு படுகிற அளவுக்கு வருமானமும் கிடையாது. ஆனாலும் நின்றேன். வேடிக்கை பார்க்கக் காசு கேட்கிற காலம் இன்னும் வரவில்லை.

உள்ளே உட்கார்ந்திருந்தவர் மின்ஞானி. பட்டம் யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, காதில் எப்போதும் மினுக்குகிற ஒரு கருவி. பேச ஆரம்பித்தால் குரல் தேனாக வழியும்.

“உங்க கடையோட வலைத்தளம் எங்க குடியிருக்குன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா? ஏதோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு மெஷின்ல, முன்னப்பின்ன தெரியாத ஆயிரம் பேரோட. ஒருத்தன் கடனாளி, ஒருத்தன் பொறாமைக்காரன். எல்லாரோட மூச்சுக்காத்தும் உங்க கடை மேல படுது. அப்புறம் வியாபாரம் எப்படிங்க விளங்கும்?”

கூட்டம் தலையாட்டியது. இதில் பாதி உண்மை என்பதுதான் கொடுமை. வலைத்தளம் எங்கோ ஒரு சர்வரில்தான் இருக்கும். பலரோடு பங்கு போட்டால் வாடகை மலிவு. முழு இயந்திரத்தையும் தனக்கென்று எடுத்தால் விலை எகிறும். லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து போகிற இடத்துக்கு அது தேவைதான். ஒரு நாளைக்கு முப்பது பேர் எட்டிப் பார்க்கிற கடைக்கு எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. மூச்சுக்காற்று என்றதுமே பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

நிலையத்தின் பின்னால் குளிரூட்டிய அறை ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் கடையின் பெயர், பச்சை விளக்கு. வாரம் ஒருமுறை கடைக்காரர்கள் வந்து அவரவர் பெட்டியைப் பார்த்துக் கண் கலங்குவார்கள். சத்தமாகப் பேசினால் பெட்டிக்குத் தலைவலி வருமாம். விளக்கு வேகமாக மினுங்கினால் வியாபாரம் வேகம் என்று அர்த்தம். கூடுதல் வாடகை கட்டினால் விளக்கு கூடுதலாக மினுங்கும். அந்தக் கணக்கு மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை.

எங்கள் தெருவின் இரண்டு முடிதிருத்தகக்காரர்களும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். இருவர் பெட்டியும் அடுத்தடுத்து இருந்தது கண்டு ரகளை ஆகிவிட்டது. மின்ஞானி சாந்தமாக நடுவில் ஓர் அட்டையைச் செருகினார். அதற்குப் பெயர் இடைவெளிக் கட்டணம். இருவரிடமும் வாங்கினார்.

இந்தக் கூத்தில் வந்து விழுந்தவர்தான் என் எதிர்க்கடைக் குடைக்காரர்.

நல்ல மனுஷன். கடையில் பெரியவர்களுக்கான கறுப்புக் குடையை அவர் விற்பார். பின்னறையில் அவர் மனைவி குழந்தைகளுக்கான குடை தைப்பார்: முயல் காது வைத்தது, தவளைக் கண் வைத்தது. வலைத்தளத்தில் ஓடியதெல்லாம் அந்தக் குடைகள்தான். தளத்தைக் கட்டிக்கொடுத்தவன் அந்த அம்மாவின் தம்பி. பங்கு சர்வர்; மாத வாடகை ஒரு முயல் குடையின் விலை. அந்தச் செலவே தெரியாத அளவுக்கு விற்பனை போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று விற்பனை படுத்துவிட்டது. குடைக்காரர் நேரே மின்ஞானியிடம் ஓடினார். அவர் கண்ணை மூடி, காதுக் கருவியைத் தொட்டு, “உங்க தளத்துக்குப் பக்கத்துல ஒரு செருப்புக்கடைத் தளம் குடியிருக்கு. அவன் கண்ணுதான்” என்றார். ஒரு மாதம் வெள்ளோட்டமாகப் பெட்டி ஒன்றை ஒதுக்கி, தளத்தை அதற்கு மாற்றிவிட்டதாகவும் சொன்னார். அது பிடித்துப்போனால் மூன்று வருட ஒப்பந்தம். வாடகை மாதத்துக்கு அறுபது முயல் குடை.

அறுபது குடைக்கு எங்கே போவது? பின்னறையை வாடகைக்கு விடுவது என்று குடைக்காரர் முடிவு செய்தார். மூட்டை அடுக்க இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு வியாபாரி முன்பணத்தோடு வந்தும் விட்டார். அன்றைய சண்டை என் கடை வரைக்கும் கேட்டது.

“ரூமை விட்டுட்டா நான் எங்க உக்காந்து தைக்கிறது?” என்றார் அந்த அம்மா.

“சமையலறையில தை. கொஞ்ச நாள்தானே.”

“மூணு வருஷம் கொஞ்ச நாளா? துணியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஆகும். அதை எந்தக் குழந்தைங்க கையில குடுப்பீங்க?”

“தளத்துக்கு தோஷம் இருக்குன்னு சொல்றேன், நீ துணியைப் பத்திப் பேசுற.”

“என்னங்க, வெளிய வந்து மேல பாருங்க. மூணு மாசமா ஒரு சொட்டு மழை இல்ல. மழை இல்லாம குடையை வாங்கி என்ன பண்ணுவாங்க?”

குடைக்காரர் வெளியே வந்தார், வானத்தைப் பார்த்தார், சுட்டெரிக்கும் வெயிலில் கண்ணைச் சுருக்கினார். “எல்லாம் செருப்புக்கடைக்காரன் கண்ணு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்குக் கையிலிருந்த பூட்டை எறியலாம் போல இருந்தது.

ஒப்பந்தம் போடுகிற நாள் வந்தது. மூட்டை வியாபாரியின் முன்பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குடைக்காரர் கிளம்பினார். வீட்டம்மா பெட்டியைத் தொட்டால் யோகம் கூடும் என்று மின்ஞானி சொல்லியிருந்ததால் மனைவியையும் அழைத்தார். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஏதோ இருக்கிறது என்று நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.

நல்ல கூட்டம். மின்ஞானி குடைக்காரரின் தோளில் கை வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

“இந்தப் பெட்டிதான் இவர் கடைக்கு உயிர். இது ஒரு நொடி கண்ணை மூடினா, இவர் கடை உலகத்துல எங்கயும் தெரியாது.”

“எங்கயுமா ஐயா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“எங்கயும் தெரியாதும்மா. நீங்களே உள்ள போய்த் தொட்டுப் பாருங்க.”

உள்ளே போனார். பெட்டியைத் தொட்டார். தொட்ட கையோடு பின்னால் கைவிட்டு மின்கம்பியைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது.

கூட்டத்தில் யாரோ “ஐயையோ” என்றார்கள். குடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாரும் போனை எடுத்து எங்க கடையைத் தேடிப் பாருங்க” என்றார் அந்த அம்மா.

தேடினோம். முயல் குடை காதை விரித்துக்கொண்டு ஒவ்வொரு போனிலும் சிரித்தது.

மின்ஞானி அசரவில்லை. “அது நிழல்மா. போன்ல தங்கிப்போன பழைய நினைவு. உயிர் போயிடுச்சு, நிழல் மட்டும் நிக்குது.”

கூட்டம் இதற்கும் தலையாட்டியது. தலையாட்டிப் பழகிய கழுத்து சும்மா இருக்குமா?

“சரி, நிழல்னே வெச்சுக்குவோம்” என்றார் அந்த அம்மா. “நிழல் ஆர்டர் எடுக்குமா? யாராவது ஒரு குடை வாங்குங்க.”

தனி சர்வருக்கு அள்ளிக் கொடுத்த அத்தனை பேரும் குடை என்றதும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் நானே ஒரு தவளைக் குடைக்குப் பணம் கட்டினேன்.

குடைக்காரரின் சட்டைப்பையில், அந்த முன்பணத்துக்குப் பக்கத்தில், போன் மணியடித்தது. எடுத்துப் படித்தார். “தவளைக் குடை ஒண்ணு... சாவிக்காரர்...” என்றவர் என்னைப் பார்த்தார், அணைந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், கடைசியாக மனைவியைப் பார்த்தார். அந்த மாதத்தில் அவர் மனைவியை நேராகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

“சாவிக்காரரே, உங்ககிட்ட ஸ்க்ரூடிரைவர் இருக்குல்ல?” என்றார்.

இருந்தது. திறந்தோம். உள்ளே ஒரு சின்ன விசிறி, ஒரு சரம் அலங்கார விளக்கு, கனத்துக்கு இரண்டு செங்கல்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? செருப்பைக் கழற்ற மறந்து ஆளாளுக்கு உள்ளே பாய்ந்து அவரவர் பெட்டியைத் திறந்தார்கள். எல்லாவற்றிலும் இரண்டு செங்கல். விசேஷ வாடகை கட்டியவர்களுக்கு மட்டும் மூன்று. தொழிலில் அந்த அளவுக்கு நேர்மை.

“அப்போ எங்க தளமெல்லாம் எங்கய்யா இருக்கு?” என்று முடிதிருத்தகக்காரர்களில் ஒருவர் சட்டையைப் பிடித்தார்.

மின்ஞானியின் தேன் வற்றிவிட்டது. “வெளியூர்ல ஒரு பங்கு சர்வர்ல... எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கீங்க. மொத்தமா மாசம் ரெண்டு குடை காசுதான் ஆகுது. சட்டையை விடுங்க, கிழிஞ்சிடும்.”

இரண்டு முடிதிருத்தகக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை மாதம் ஒரே இயந்திரத்தில் ஒரே மூச்சுக்காற்றில் குடியிருந்து இருவர் கடையும் நன்றாகவே ஓடியிருக்கிறது. அது அவர்களுக்கு உறைத்ததோ என்னவோ, இடைவெளிக் கட்டணத்தை மட்டும் சேர்ந்து கேட்டார்கள்.

மின்ஞானியைக் காவல் நிலையத்துக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். பணம் பாதி திரும்பியது. குடைக்காரர் முன்பணத்தை அன்றே வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, பின்னறைச் சாவியை மனைவி கையில் வைத்தார்.

“என்ன சொல்றதுன்னு தெரியல” என்றார்.

“ஒண்ணும் சொல்ல வேணாம். தவளைக் கண்ணு ரெண்டு வெட்டிக் குடுங்க. சாவிக்காரர் ஆர்டர் நிக்குது.”

சில வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. குடைகள் பறந்தன. நானும் தவளைக் குடையைப் பிடித்துக்கொண்டு, தெருவே சிரிக்க, கடைக்கு வந்தேன். பெட்டியில் கிடைத்த இரண்டு செங்கல்லையும் அந்த அம்மா பின்னறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டாக வைத்திருந்தார். ரொட்டிக்கடைக்காரர் வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் குடைக்குள் புகுந்து காதருகே குனிந்தார்.

“குடைக்கடை எப்படிப் பிச்சுக்கிட்டுப் போகுது பாத்தீங்களா? எல்லாம் அந்தச் செங்கல்தான். எந்தத் திசை பாத்து வெச்சிருக்காங்க, கேட்டுச் சொல்லுங்களேன்.”

நான் தவளைக் குடையை மடக்கினேன். அவர் தலையில் நாலு சொட்டு மழை விழுந்தது.

“திசை இருக்கட்டும்” என்றேன். “மேல பாருங்க.”

அவர் மேலே பார்க்கவில்லை. செங்கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா, சர்வரைப் பங்கு போடுங்கள், தனியாக எடுங்கள், உங்கள் வசதி. மூளையை மட்டும் யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள். செங்கல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.