கனம் மலைப் பக்கம், லேசு பள்ளப் பக்கம்

கடவுளே நேரில் வந்து வண்டியில் இடம் கேட்டாலும், அவரை முதலில் தராசில் தொங்கவிட்டு, தண்ணிக் கழிவு போக மீதி எவ்வளவு என்று ஊருக்கே கேட்கும்படி கத்திச் சொல்லி, சீட்டு எழுதிக் கையில் கொடுத்த பிறகுதான் ஏறச் சொல்லக்கூடிய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். நீலகிரியில் அப்படிப்பட்டவர் அவர் ஒருவர்தான். இரண்டு பேர் இருந்திருந்தால் மலை தாங்கியிருக்காது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் எடைக்காரர். ஊர் ஊராக ஜீப்பில் போய், தேயிலை விவசாயிகள் பறித்து வைத்திருக்கும் பச்சை இலையைக் கொக்கித் தராசில் மாட்டி எடை போட்டு, ஃபேக்டரியில் சேர்ப்பது அவர் தொழில். மழை நாளில் இலையோடு ஈரமும் சேர்ந்து எடை காட்டும் அல்லவா, அதற்காக ஒன்றிரண்டு கிலோ குறைத்துக்கொள்வார்கள். அதுதான் தண்ணிக் கழிவு. இருபத்திரண்டு வருடம் இதே வேலை. அதனால் எடை தெரியாத எந்தப் பொருளையும் அவர் பொருளாகவே மதிப்பதில்லை.

பிறகு தேயிலை விலை விழுந்தது. ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. பறிக்க ஆள் விடாமல் செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. எடைக்காரர் இரண்டு மாதம் சும்மா இருந்து பார்த்தார். மூன்றாம் மாதம் ஜீப்பைக் கழுவி, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள் போட்டு, கண்ணாடியில் 'சுற்றுலா' என்று எழுதிவிட்டார். இலை வாசனை போகவில்லை. கூரைக் கம்பியில் தொங்கிய தராசும் போகவில்லை.

நான் அப்போது குன்னூருக்குப் பக்கத்தில் பாதுகாப்புத் துறை ஆலை ஒன்றில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. எண்ணுவது என் உத்தியோகம். பயப்படுவது என் சுபாவம். பஸ் நிறுத்தத்திலிருந்து என் வீட்டுக்கு நூற்று நாற்பத்தொரு படிகள். மலையில் முப்பத்தொரு வருடம் வாழ்ந்தும் மலைப்பாதையில் கண்ணைத் திறந்து பயணம் செய்தவன் இல்லை. மூடிய கண்ணோடு வளைவுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

இப்படிப்பட்டவன் ஐந்து நாள் தனி ஜீப்பில் ஊர் சுற்றக் கிளம்பினேன் என்றால், பெண்ணைப் பெற்றதுதான் காரணம்.

என் மகளுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தார். நல்ல உடம்பு, பெரிய மீசை, குறைந்த பேச்சு. வந்து காபி குடித்துவிட்டு அவர் சொன்னது இது:

"ஏனுங்க, சாதகம் பொருந்துனா மட்டும் பத்தாதுங்க. அஞ்சு நாள் ஒரே வண்டியில சுத்துனாத்தான் ஒரு குடும்பத்தோட கொணம் தெரியும். இங்க மூணு நாளு, அப்பறம் மைசூரு, அப்படியே பாலக்காட்டு வழியா ஊட்டுக்குப் போயிரலாம். நீங்க ரெண்டு பேரு, நாங்க ரெண்டு பேரு. கடைசி நாள் சொல்றனுங்க, நிச்சயம் வெச்சுக்கலாமா வேண்டாமான்னு."

அதற்கு முன் நான்கு வரன்கள் தட்டிப் போயிருந்தன. மகள் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பையனின் போட்டோவை ஒரே நாளில் ஆறு முறை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். எண்ணினேன்.

வண்டிக்கு எடைக்காரரைச் சொன்னது என் தப்பு. மற்ற டிரைவர்கள் எல்லாம் ஒரு நாளில் இரண்டு நடை அடிக்கப் பறக்கிறவர்கள். இவர் இலை மூட்டை நசுங்காமல் ஓட்டிப் பழகியவர். மெதுவாகப் போவார் என்று நினைத்தேன். தராசை மறந்துவிட்டேன்.

முதல் நாள் காலை. வாசலில் ஜீப் நிற்கிறது. பின்பக்கம் தராசு. அதன் கொக்கியில் கோணிச் சாக்கு ஒன்று ஊஞ்சல் மாதிரி முடிச்சுப் போட்டுத் தொங்குகிறது.

"ஏனுங்கய்யா, இப்பிடி வந்து உக்காருங்க," என்றார் எடைக்காரர், ஈரோட்டுக்காரரைப் பார்த்து.

"வண்டி அங்கல்லோ இருக்குது?"

"எடை பாக்கோணுங்க. கனம் மலைப் பக்கம், லேசு பள்ளப் பக்கம். கண்ணுல பாத்து உக்கார வெச்சா ஏமாத்திப்போடுமுங்க. சில பேரு பாக்கறதுக்குப் பெரிசா இருப்பாங்க, உள்ள ஒண்ணும் இருக்காது."

ஈரோட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். கடைசியில், மறுத்தால் பயந்ததாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, மீசையைத் தடவிக்கொண்டு போய்ச் சாக்கில் உட்கார்ந்து காலைத் தூக்கினார்.

அந்தத் தராசில் நூறு கிலோ வரைதான் கோடு. முள் ஒரு முழுச் சுற்று சுற்றி, பூஜ்ஜியத்தைத் தாண்டி நின்றது.

"பன்னெண்டு!" என்று கத்தினார் எடைக்காரர். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "நூத்திப் பன்னெண்டு!" தோளில் கிடந்த பனி ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, "தண்ணிக் கழிவு ரெண்டு. நிகரம் நூத்திப் பத்து!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் மூன்று திறந்தன. ஈரோட்டுக்காரர் கையில் சீட்டு வந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பிற்பாடு சாட்சியாகக் காட்ட வைத்துக்கொள்கிறவர் மாதிரி இருந்தது.

அவர் மனைவி எழுபத்தொன்று. என் மனைவி அறுபத்து நான்கு. நான் ஐம்பத்தெட்டு, கழிவு இல்லை. "உங்க எடை எவ்வளவு?" என்று நான் கேட்டதற்கு எடைக்காரர், "நாப்பத்தாறுங்க. ஆனா நான் கணக்குல வரமாட்டனுங்க சார். நான் கழிவு," என்றார்.

இந்தக் கணக்கின் விளைவை அப்புறம்தான் உணர்ந்தேன். லேசானவர்கள் நாங்கள் இருவர். ஆகவே ஐந்து நாளும் பள்ளத்துப் பக்கம் நானும் என் மனைவியும்.

முதல் நாள் ஊட்டி, தொட்டபெட்டா. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, மலை பக்கம் மாறியதால் நாங்களும் பெஞ்சு மாறினோம். பரவாயில்லை.

இரண்டாம் நாள் அவலாஞ்சி. வழியில் இத்தலாரில் ஒரு திருப்பத்தில், பழைய பழக்கத்தில் எடைக்காரர் மூன்று முறை ஆரன் அடித்துவிட்டார். அது இலை வண்டி வந்திருப்பதற்கான அடையாளம். அவ்வளவுதான். மேட்டிலிருந்தும் சரிவிலிருந்தும் பெண்கள் முதுகில் மூட்டையோடு ஓடி வந்தார்கள். ஒன்பது பேர். முன்னால் வந்தவள் மூச்சு வாங்கியபடி படுக மொழியில் கேட்டாள். எனக்கும் அந்த அளவு புரியும். திரும்ப இலை எடுக்கிறார்களா என்று கேட்டாள்.

எடைக்காரர் இன்ஜினை அணைத்தார். பிறகு இறங்கினார். ஒன்பது மூட்டையையும் ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி எடை பார்த்தார். கத்திச் சொன்னார். சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு மூட்டையைத் திருப்பித் தூக்கிப் போனார்கள்.

"வாங்காத இலைக்கு எதுக்கய்யா எடை?" என்றேன், நேரம் போகிறதே என்ற பயத்தில்.

"விலை இல்லீங்க சார். எடை இருக்குதுல்லீங்க," என்றார்.

ஈரோட்டுக்காரர் அன்று மாலைக்குள் பதினோரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். என் மனைவி காதோடு சொன்னாள்: "அவர் முகத்தைப் பாருங்க. அஞ்சாவது வரனும் போச்சு."

மூன்றாம் நாள் கல்லட்டி வழியாகத் தெப்பக்காட்டு யானை முகாமுக்கு. கல்லட்டிப் பாதையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பாதை முழுசாகத் திரும்பும். இடப்பக்கம் இருந்த பள்ளம் வலப்பக்கம் போகும், அடுத்த வளைவில் இடப்பக்கம் வரும். இதை நான் கண்ணை மூடிக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஜீப் நின்றது.

"மாறி உக்காருங்க."

முதல் வளைவு. மாறினோம். ஐம்பது கஜம் போய் மறுபடி நின்றது. "மாறி உக்காருங்க." ஈரோட்டுக்காரர் எழுந்தால் ஜீப் முனகும், உட்கார்ந்தால் அலறும். பனிமூட்டத்தில் பின்னால் இரண்டு லாரிகள் ஆரன் அடித்தபடி நின்றன. ஒன்பதாவது வளைவில் அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் எந்திரிக்க மாட்டன்."

எடைக்காரர் இன்ஜினை அணைத்தார். இறங்கி டயருக்குக் கல் வைத்தார். பாதையோரத் திட்டில் உட்கார்ந்துகொண்டார். "நீங்க எந்திரிக்காம வண்டி நவராதுங்க."

"ஏனுங்க!" ஈரோட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "சம்பந்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என்னைய ஈரோட்டு பஸ்ஸுல ஏத்தி உடுங்க, போதும்!"

எனக்குப் பள்ளம்கூடப் பயமாகத் தெரியவில்லை. ஆறு முறை பார்க்கப்பட்ட அந்தப் போட்டோதான் கண்ணில் நின்றது. கை கூப்பினேனா, எடைக்காரரைத் திட்டினேனா, நினைவில்லை. காப்பாற்றியது ஈரோட்டுக்காரர் மனைவிதான்.

"எந்திரிங்க சொல்றேன். முப்பது வருசமா நீங்க உக்காந்த எடத்துல இருந்து ஒண்ணொண்ணாக் கேப்பீங்க, நான் எந்திரிச்சு எந்திரிச்சு எடுத்துக் குடுக்கறேன். ஒரு நாளு முப்பத்தாறு தடவை எந்திரிச்சா நீங்க தேஞ்சு போயிருவீங்களா?"

எழுந்தார். அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் எழுந்தார், பல்லைக் கடித்தபடி.

பதினான்காவது வளைவைத் தாண்டியதும் எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். எடைக்காரர் இடப்பக்கம் ஒதுக்கினார். முந்தின நாள் மழையில் ஊறியிருந்த ஓரம் சரிந்தது. பின் சக்கரம் ஒன்று வெளியே போய்விட்டது என்பதை என் முதுகு முதலில் தெரிந்துகொண்டது. முதுகுக்குப் பின்னால் எதுவும் இல்லை.

"ஆரும் அசையாதீங்க," என்றார் எடைக்காரர். குரல் உயரவில்லை. "சார், அம்மாவைக் கூட்டிட்டுப் பின்னாடி வழியா மெதுவா எறங்குங்க. குதிக்க வேண்டாம்."

இறங்கினோம். ஏழு அடி தவழ்ந்து போய் ரோட்டில் உட்கார்ந்தேன். அடுத்து ஈரோட்டு அம்மாள் இறங்கினார். இப்போது ஜீப்பில் இரண்டு பேர். பிரேக்கை மிதித்தபடி எடைக்காரர். மலைப் பக்கப் பெஞ்சில் நூற்றுப் பத்து கிலோ.

"அய்யா, நீங்களும் எறங்கிக்கங்க."

ஈரோட்டுக்காரர் ஒரு காலை எடுத்து வைத்தார். ஜீப் ஒரு விரல் அளவு பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. காலைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"நான் எறங்குனா வண்டி?"

"போயிருமுங்க."

"நீங்க?"

"பிரேக்கை உட முடியாதுங்களே. பரவால்லீங்க, என்னையக் கணக்குல சேக்காதீங்க. நான் கழிவு."

பனிக்குள் ஈரோட்டுக்காரர் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல்தான் கேட்டது. ஒன்பதாவது வளைவில் கேட்ட அதே குரல்.

"ஓட்டற வேலையப் பாருய்யா. நான் எந்திரிக்க மாட்டன்."

பஸ்ஸிலிருந்தவர்கள் கயிறு கொண்டுவந்து கட்டி, லாரிக்காரர்களும் சேர்ந்து இழுத்துச் சக்கரத்தை ரோட்டில் வைக்கப் பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. அத்தனை நேரமும் அவர் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கும்போது கால் படி தவறியது. எடைக்காரர் ஓடிப்போய்த் தாங்கினார். இருவரும் சேர்ந்தே ரோட்டில் சரிந்தார்கள். எடைக்காரர் அவர் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. அதுவரை எடைக்காரரைப் பயமில்லாத ஆள் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் சொன்னார். பல வருடத்துக்கு முன் அவருடைய அண்ணன் ஓட்டிய இலை வண்டி இப்படித்தான் ஒரு திருப்பத்தில் கவிழ்ந்தது. எல்லா மூட்டையையும் ஒரே பக்கம் ஏற்றியிருந்தார்களாம். "அன்னிக்கு ஆரும் எடை பாக்கலீங்க," என்றார்.

ஈரோட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். "மறுக்கா ஒருக்காத் தூக்கிப் பாருங்க. பயத்துல நாலு கிலோ போயிருக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க சம்பந்தி," என்றார், "நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்கு இவுருதான் வண்டி."

மீதி இருபத்திரண்டு வளைவுகளிலும் யாரும் சொல்லாமலே எழுந்து மாறி உட்கார்ந்தோம். மைசூர் ரோட்டில்தான் சிக்கல். சமதளம். எடைக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கலங்கிப் போய்க் கேட்டார்: "மலையே இல்லீங்களே சார். இப்ப ஆர எங்க உக்கார வெக்கறதுங்க?"

மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பிறந்தவுடன் இரண்டையும் எடைக்காரர் அந்தத் தராசில் எடை பார்த்தார். கழிவு போடவில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது.

போன வாரம் டாக்டர் என்னை எடை மேடையில் ஏற்றினார். நாற்பத்தொன்பது. ஒன்பது கிலோ எங்கே போயிற்று என்று அவருக்கும் கவலை, எனக்கு அதைவிட. வீட்டுக்கு வந்து என் பழைய ஐம்பத்தெட்டு கிலோ சீட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பயந்துகொண்டிருந்தேன். எடைக்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் முள்ளைப் பார்த்துவிட்டு, தெருவே கேட்கும்படி கத்தியிருப்பார்:

"கொறஞ்சது தண்ணிங்க சார். இலை அப்படியேதான் இருக்குது."