மூன்றாவது மாடியில் பதினேழு சிவப்பு அம்புக்குறிகள்

மற்றவர்கள் ஒருவரைச் சந்தித்தால் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். நான் காலைப் பார்ப்பேன். இதை அடக்கம் என்று நினைத்து என்னைப் பாராட்டிய பெரியவர்கள் உண்டு. அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கராக இருப்பவளுக்குக் கண் அங்கேதான் போகும். தையல் விட்டிருக்கிறதா, சோல் வாயைப் பிளந்திருக்கிறதா, இரண்டு கால் ஷூவும் ஒரே நிறமா என்று பார்த்து முடித்த பிறகுதான், மேலே முகம் என்று ஒன்று இருப்பது ஞாபகத்துக்கு வரும்.

இந்த வியாதியோடு நான் ஒரு மே மாதம் முழுக்கச் சென்னையில் தங்கப் போனேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கம்ப்யூட்டரில் ஷூ வரையும் பயிற்சிக்குக் கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தது (லைனில் அதிகம் பேசுகிறவளை ஒரு மாதம் அப்புறப்படுத்தவே அனுப்பினார்கள் என்று தோழிகள் சொல்வார்கள்). தங்குவதற்கு என் அக்கா ரூத்தின் வாடகை ஃபிளாட் இருந்தது.

சென்ட்ரலில் இறங்கி ஆட்டோவில் ஏறியதுமே அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"இங்க பாரு எஸ்தரு, நம்மூரு மாதிரி கதவத் தொறந்து போட்டுக்கினு உக்காராத. எவங்க வூட்டு பெல்லையும் அடிக்காத. எதிர்வீட்டு நடராஜன் சார்தான் நம்ம ஓனர். அசோசியேஷன் செக்ரட்டரியும் அவருதான். இந்த மாசக் கடைசில அக்ரிமெண்ட் முடியுது. அவரு புதுப்பிச்சாத்தான் உண்டு."

"புதுப்பிக்கலன்னா இன்னா?"

"இந்த 'இன்னா'வையும் கொஞ்சம் கம்மி பண்ணு. பாப்பாவுக்கு அடுத்த தெரு ஸ்கூல்ல எல்கேஜி சீட்டு கெடச்சிருக்கு. நானும் உங்க மாமாவும் வேலைக்குப் போறவங்க. இந்த வீடு போச்சுன்னா அந்த சீட்டும் போச்சு. மேல்வீட்டுல காலைல அஞ்சு மணிக்கு மிக்ஸி போட்டாங்கன்னு காலி பண்ண வச்சவரு அவரு. ஒரே ஒரு மாசம். வாய மூடிக்கினு இரு."

நானும் சத்தியம் செய்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். கையைப் பற்றி அவள் கேட்கவில்லை.

முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பயிற்சி மதியத்தோடு முடிந்துவிடும். அக்கா வர ஏழு மணி ஆகும். அதுவரை மூடிய கதவுக்குள் நானும் ஃபேனும். லிஃப்டில் ஒரு அம்மாவைப் பார்த்து "சாப்டீங்களா?" என்று கேட்டேன். அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் மாடி வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார். முப்பது பேரோடு உட்கார்ந்து வேலை பார்த்துப் பழகியவளுக்கு இது ஜெயில். எங்கள் மாடியில் நான்கு வீடு. ஒருவர் முகத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு செருப்பு ஸ்டாண்டு இருந்தது. ஆக, ஒரே வாரத்தில் மொத்த மாடியும் எனக்கு அறிமுகமாகிவிட்டது. கடைசி வீட்டு அம்மா இடது காலைச் சாய்த்து நடக்கிறவர். நடு வீட்டுக்காரர் லேஸை அவிழ்க்காமலே ஷூவை மிதித்துப் போடுகிறவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாமாவும் பாப்பாவும் சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். நான் தலைவலி என்று பொய் சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டேன் (கர்த்தர் இதற்குத் தனியாகக் கணக்கு வைக்கவில்லை, அன்றைக்கே தீர்த்துவிட்டார்). சும்மா வாசலில் நின்றேன். நடு வீட்டு ஸ்டாண்டில் ஒரு சின்னப் பையனின் ஸ்கூல் ஷூ. முன்பக்கம் சோல் பிரிந்து தொங்கியது. ஸ்கூல் திறந்ததும் ஓடினான் என்றால் முகம் குப்புற விழுவான்.

சொல்லலாம் என்றால் பெல் அடிக்கக் கூடாது. எங்கள் கம்பெனியில் இதற்கு ஒரு வழி உண்டு. லைனில் யாரும் யாரிடமும் குறை சொல்லிக்கொண்டு நிற்பதில்லை, நேரமும் இல்லை. குறை இருக்கிற இடத்தைக் காட்டி நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பிவிடுவோம். சரிசெய்கிறவர் பார்த்துப் புரிந்துகொள்வார். யாருக்கும் வருத்தம் கிடையாது. அந்த ஸ்டிக்கர் சுருள் எப்போதும் என் ஹேண்ட்பேகில் கிடக்கும். எடுத்து ஒன்று ஒட்டினேன்.

ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்துச் செருப்பின் வார் கண்ணில் பட்டது. அதற்கொன்று. கடைசி வீட்டு அம்மாவின் தேய்ந்த குதிகாலுக்கு ஒன்று. ஒரு வாரமாகப் பேசாமல் அடக்கி வைத்ததெல்லாம் கை வழியாக வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஓனர் வீடு. அவருடைய பழுப்பு நிற ஷூ, வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி வந்தது என்று அக்கா சொல்லியிருந்தாள். எடுத்து லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கை விலக்கிப் பார்த்தால் 'மேட் இன் இந்தியா'. தையலைப் பார்த்தால் சந்தேகமே இல்லை, எங்கள் பக்கத்து வேலை. கப்பல் ஏறிப் போய் ஊர் மானத்தை வாங்கித் திரும்பி வந்திருக்கிறது! வந்த கோபத்தில் அதற்கு மட்டும் ஐந்து அம்பு. மொத்தம் பதினேழு. நாட்டுக்கு ஏதோ நல்லது செய்த நிறைவோடு உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

மதியம் சாப்பிடும்போது அக்காவின் போன் விடாமல் ஒலித்தது. அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப். 'எச்சரிக்கை! மூன்றாவது மாடியில் மர்மக் குறியீடு!' திருடர்கள் முன்கூட்டியே வந்து வீட்டை அடையாளம் வைத்துப் போவார்கள் என்று ஒருவர். எத்தனை அம்போ அத்தனை பேர் வருவார்கள் என்று இன்னொருவர். ஐந்து அம்பு வாங்கிய ஓனர் ஒன்றுமே எழுதவில்லை. பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்திருப்பார். மாடியில் இருந்த கேமராவோ போன வருஷமே கண்ணை மூடிவிட்டது.

அதற்கடுத்த செய்தியைப் படித்ததும் அக்காவின் முகம் வெளுத்தது. 'அந்த மாடியில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் அம்பு இல்லை. கவனிக்கவும்.'

"நம்ம வீட்டுல மட்டும் ஏன்டி இல்ல?"

ஓடிப்போய் மாமாவின் ஷூவிலும் ஒன்று ஒட்டிவிடலாமா என்று யோசித்தேன். அது எங்கள் கம்பெனி ஷூ, நானே பொறுக்கி எடுத்துக் கொடுத்தது. குறையில்லாத ஷூவில் அம்பு ஒட்ட என் கை வரவில்லை (தொழில் தர்மம்).

ஐந்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். வாட்ச்மேன் எங்கள் ஊர்ப் பக்கம், அணைக்கட்டு என்கிற ஊர்க்காரர். "யாரையும் உள்ள உடல சார், என் புள்ளைங்க மேல சத்தியமா" என்று கைகூப்பி நின்றார். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுப் போலீசுக்குச் சொல்லலாம் என்றார்கள். ஓனர் போனை எடுத்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சார், நாந்தான் ஒட்னேன்."

அக்கா என் முழங்கையைக் கிள்ளியதில் மூன்று நாள் தழும்பு இருந்தது.

"எதுக்கும்மா?" என்றார் ஓனர்.

"ரீவர்க்குக்கு சார்."

அந்த இடத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. குறையைச் சரிசெய்வதற்குத்தான் கம்பெனியில் அம்பு ஒட்டுவோம் என்று விளக்கினேன். அவர் தன் ஷூவைக் கொண்டுவரச் சொல்லி என் முன்னால் நீட்டினார். "இதுல என்ன அஞ்சு குறை?"

ஷூ கைக்கு வந்ததும் பயம் போய்விட்டது. "இன்னா சார் இப்டி கேக்கறீங்க? இங்க தையல் தாண்டியிருக்கு. இங்க பசை நிக்கல. முன்னாடி சோலு காத்தாடுது பாருங்க."

"இது என் பையன் ஃபாரின்லேருந்து கொண்டுவந்தது."

"எங்கேர்ந்து வந்தாலும் தச்சது எங்க பக்கம் சார். நாக்குக்குள்ள படிங்க."

அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு நிமிடத்தில் வீடும் எல்கேஜி சீட்டும் கைவிட்டுப் போனதாகவே நானும் நினைத்தேன். அவர் சோலை லேசாக இழுத்தார். பாதி ஷூ கையோடு வந்துவிட்டது.

"போன மாசம் வாக்கிங்ல ரெண்டு தடவ தடுக்கி விழுந்தேன்" என்றார், ஷூவைப் பார்த்தபடியே. "வயசாயிடுச்சு, நரம்புல ஏதோ கோளாறுன்னு ஸ்கேன் வரைக்கும் எடுத்துட்டேன். வீட்டுல கூடச் சொல்லல. அப்ப எனக்கு ஒன்னும் இல்லையாம்மா?"

"உங்களுக்கு ஒன்னும் இல்ல சார். ஷூவுக்குத்தான்."

மிக்ஸிச் சத்தத்துக்கே வீட்டைக் காலி செய்ய வைத்த மனிதர், கார் நிறுத்துமிடம் அதிரச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாட்ச்மேன் என்னைவிட அதிகமாக அழுதார்.

அடுத்த மூன்று வாரமும் மூன்றாவது மாடிக் கதவுகள் திறந்தே கிடந்தன. பயிற்சி முடிந்து வந்தால் பசை டப்பாவும் கையுமாக நடுவில் நான், சுற்றிலும் செருப்போடு சனம். லிஃப்ட் அம்மாவே "சாப்டியா எஸ்தர்?" என்று கேட்டார்.

மாதக் கடைசியில் ஓனர் புது அக்ரிமெண்டை நீட்டினார். படித்துக்கொண்டே வந்த அக்கா கடைசி வரியில் திடுக்கிட்டு நின்றாள். 'குடியிருப்பவரின் தங்கை ஆம்பூரிலிருந்து வருவதாயின், உரிமையாளருக்கு ஒரு வாரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்.'

"சார், இனிமே அவள வர வேணாம்னு நானே சொல்லிடறேன்" என்றாள் அக்கா பதறிப்போய்.

"ஐயோ, அதுக்கில்லம்மா. பெரம்பூர்ல என் தம்பி வீட்டுச் செருப்பெல்லாம் இங்க வந்து சேர ஒரு வாரமாவது வேணாமா?"

பாப்பா இப்போது ஆறாம் வகுப்பு. வீடும் அதேதான். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அந்த வரியும் சேர்ந்தே டைப் ஆகிறது. நான் வருகிறேன் என்று போன் செய்தால் மாமா நலம் கூட விசாரிப்பதில்லை, "நோட்டீஸ் குடுத்துட்டியா?" என்றுதான் கேட்பார். இந்த வருஷம் புதிதாக வந்த டைப்பிஸ்ட் ஏதோ தவறு என்று நினைத்து அந்த வரியை எடுத்துவிட்டார். ஓனர் முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு, முக்கியமான ஷரத்து விடுபட்டிருக்கிறது, கையெழுத்துப் போட முடியாது என்று பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.