வீராங்கனை நேரத்துக்கு வந்துவிட்டார்

எங்கள் அலுவலக வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் ஒன்று உண்டு. அது யாரை அடையாளம் காண்கிறதோ அவரே ஊழியர், மற்றவரெல்லாம் பார்வையாளர். நல்ல ஏற்பாடுதான் என்று நானும் நினைத்திருந்தேன், கீமோவில் முடியும் புருவமும் கொட்டும் வரை.

அன்று காலை மெஷின் என்னைப் பார்த்து, "அறியாத நபர்" என்றது. நேரே நிர்வாக அதிகாரியிடம் போனேன்.

"சார், நான்தான் முன்னாடி நிக்கிறேன்ல?"

"நிக்கிறீங்கம்மா, யாரு இல்லைன்னா? ஆனா மெஷின் கணக்குல வரலை."

"புதுசா ஒரு படம் எடுத்துச் சேர்த்துக்கலாமே?"

"முடி முளைச்சா மறுபடி மாத்தணும். முதல்ல ஒரு நிலையான முகத்தோட வாங்க."

லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கரைந்துவிட்டது. இனி 'வரவில்லை' என்று விழுந்தால் வேலை போகும், கூடவே மருத்துவக் காப்பீடும் போகும். முப்பது வயதுகூட ஆகவில்லை. எனக்குச் சாக இஷ்டமில்லை, அதுவும் ஒரு மெஷினால்!

இதற்கிடையில் புற்றுநோய் விழிப்புணர்வு விழா வந்தது. எல்லா அலுவலகத்திலும் இப்போது அதுதான் மோஸ்தர். வாசலில் எனக்கு ஆளுயர கட்-அவுட் வைத்தார்கள். பழைய படம், இடுப்பு வரை முடி, உயர்த்திய முஷ்டி. முஷ்டி என்னுடையதல்ல, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. கீழே 'எங்கள் வீராங்கனை' என்று கொட்டை எழுத்து.

மறுநாள் காலை, எதிரே நின்ற கட்-அவுட்டைப் பார்த்து மெஷின் தானாகவே, "வணக்கம். வருகை பதியப்பட்டது" என்றது.

அதிகாரி பூரித்துப் போனார். "பாத்தீங்களா, வந்துட்டீங்க!"

"அப்ப நான் யாரு சார்?"

"பார்வையாளர். அட்டையை மாட்டிக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க."

அட்டையை மாட்டிக்கொண்டு சீட்டுக்குப் போனேன். மருந்து ஏறி நான் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்த நாட்களிலும் வீராங்கனை டாணென்று ஆஜர். "ஒரு நாளாவது சிணுங்கியிருக்காங்களா?" என்று மேலாளர் கூட்டத்தில் உருகினார். சிறந்த வருகைக்கான பதக்கத்தையும் கட்-அவுட்டின் கழுத்திலேயே மாட்டினார்கள். நான் பின்வரிசையில் நின்று கைதட்டினேன்.

பக்கத்து சீட் அக்கா முதலில் மூக்கில் விரல் வைத்தார். அடுத்த வாரமே தனக்கும் ஒரு கட்-அவுட் அடித்துக்கொண்டார்.

"என்னக்கா இது?"

"ஏன்டி, நோய் வந்தவதான் வீட்ல இருக்கணுமா? எனக்கும் ஆயிரம் வேலை கிடக்கு!"

பிறகு கணக்குப் பிரிவு, மேலாளர், கடைசியில் அதிகாரியே. வாசலில் நிற்க இடமில்லை. வருகையில் நாங்கள்தான் முதலிடம் என்று தலைமையகம் பாராட்டியது.

சிகிச்சை முடிந்து, "உடம்புல ஒண்ணும் இல்லம்மா, தைரியமா போ" என்று டாக்டர் சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கேக் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கே ஓடினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்! வாசலில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒரு நாற்காலியிலும் ஆளில்லை.

வாசலுக்குத் திரும்பி வந்து காவலாளி அண்ணனின் தோளைத் தொட்டு, "அண்ணே, எனக்குச் சரியாயிடுச்சு!" என்றேன்.

அண்ணன் அப்படியே மல்லாந்து விழுந்தார். அவரும் அட்டைதான்.

மெஷின் மட்டும் என்னைப் பார்த்துப் பேசியது: "அறியாத நபர். தயவுசெய்து காத்திருக்கவும். அனைவரும் பணியில் இருக்கிறார்கள்."