எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது

மொலோகாய் தீவு, கிழக்குக் கோடி
புதன்கிழமை மாலை

மதிப்பும் பாசமும் நிறைந்த அண்ணன் ஹனாலே அவர்களுக்கு, தம்பி லோபகா பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு விடுமுறைக்கு எடுத்த வாடகை வீட்டில் நான், என் மனைவி புவானானி, மகள் நோயெலானி, பனி கொட்டும் ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மருமகன் டெரிக், வருகிற சனிக்கிழமை ஒரு வயது நிறையப்போகும் பேத்தி லெய்மோமி எல்லோரும் கடவுள் கிருபையால் சுகம். அதுபோல் அங்கே ஓவாஹு தீவில் தங்கள் நாய்கள் கோவாவும் மெலேயும் சுகமாக இருக்கின்றனவா? கோவாவின் காதுக் காயம் ஆறிவிட்டதா? மெலே ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அண்ணியும் நலம் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் வெள்ளிக்கிழமை காலை முதல் விமானத்தில் இரண்டு நாய்களையும் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து சேர வேண்டும். எதற்கு என்று எழுத மாட்டேன். அப்பா நமக்குச் சொல்லிக்கொடுத்தது மறந்திருக்காது; அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னால் மலையில் இருப்பவருக்குக் கேட்டுவிடும். எழுதினால் கேட்குமா என்று தெரியாது, அதற்காக இந்த வயதில் சோதித்துப் பார்க்கவும் முடியாது. மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டு, வாயின் இரண்டு பக்கமும் வளைந்த பல்லோடு, நம் நாய்களைக் கண்டால் முடி சிலிர்த்து நிற்பாரே, அவரைப் பார்க்கத்தான். வழியில் நாய்களைப் பார்த்து யாராவது புருவம் தூக்கினால், பேத்தியைப் பார்க்க ஆசைப்பட்டன என்று சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை மதியம் குழந்தையின் முதல் ஆண்டு விருந்து. புவானானி இந்தத் தீவுக்காரி என்பதால் அவள் பக்கத்து ஜனம் நூற்றிருபது பேர் வருகிறார்கள். வெள்ளி சாயங்காலம் குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, வாழைத்தண்டு பரப்பி, அவரை உள்ளே இறக்கி மண்ணைப் போட்டு மூடியாக வேண்டும். அவர் வராமல் வெறும் குழியை எப்படி மூடுவது? நோயெலானியின் முதல் ஆண்டு விருந்து உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்று நாள் மலையேறிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்தேன். வந்தவர்களுக்கு டப்பா இறைச்சியை வறுத்துச் சேம்பங்கிழங்குக் களியோடு போட்டோம். முப்பத்திரண்டு வருடம் ஆகிவிட்டது, என் மைத்துனர்கள் மறக்கவில்லை. போன சனிக்கிழமை நான் விமானத்தை விட்டு இறங்கியதும் பெரியவன், "லோபகா வந்துட்டான், டப்பா தொறக்கிற கத்திய எடுத்து வைங்கடா!" என்றான். எனக்கு வயிறு எரிந்தது அண்ணா. அடுத்த மாதம் என் முழங்காலைத் திறந்து இரும்பு வைக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு மலையேறுவது பற்றிக் கேட்டேன். டாக்டர் சிரித்தார். ஆகவே இதுதான் கடைசி. என் பேத்தியின் இலைக்கு என் கையால் பிடித்தது வந்தே தீரும்.

புவானானிக்கு இது பிடிக்கவில்லை. "குடும்பமா லீவுக்குப் போறோம். கத்தி கிடையாது, பூட்ஸ் கிடையாது, மலைப் பக்கம் தலை வச்சும் படுக்கக் கூடாது. கறி கடையில விக்குது," என்று சொல்லி என் பெட்டியை அவளே கட்டினாள். ஆறு பூப்போட்ட சட்டை வைத்திருக்கிறாள், ஒரு ஜோடி காலுறை இல்லை. நான் விடுவேனா? என் சிநேகிதன் பிலிபோ இந்த ஊரில்தானே இருக்கிறான், மலையடியில் நிலம், நான்கு நாய், ஒரு பழைய வண்டி. கத்தியையும் பூட்ஸையும் போன வாரமே அவனுக்கு அனுப்பிவைத்தேன். அவன் அவற்றைக் குழந்தைக்கு வாங்கிய பொம்மை மாதிரி வண்ணக் காகிதம் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். திங்கட்கிழமை விடியற்காலை தெருமுனையில் வண்டியோடு நிற்பதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை ஐந்தேகால் மணிக்குப் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி வெளியே வந்தேன். வாசலில் டெரிக் ஒற்றைக் காலில் நின்று உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தான். நல்ல பையன் அண்ணா, கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. முகம் மலர, "குட் மார்னிங் மாமா! எங்க கிளம்பிட்டீங்க?" என்றான். முடிந்தது. கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டுவிட்டால் அன்றைய காரியம் அன்றே செத்தது. தபால்காரர் கேட்டார் என்பதற்காக நாய்களையெல்லாம் ஏற்றிவிட்ட பிறகும் அப்பா திரும்பி வந்து படுத்துக்கொண்ட ஆள். நானும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். மதியம் டெரிக்கைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைப் பக்குவமாக விளக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டான், இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டான், ஒரு சின்ன நோட்டில் குறித்தும் வைத்துக்கொண்டான். எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் எதையும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிற குணம் அவனுக்கு என்று யார் கண்டது? சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் நடுவில், "மாமி, மாமா கத்தியோட கிளம்பறப்ப எங்க போறீங்கன்னு கேட்டா அன்னிக்குப் போக மாட்டாராமே, நெசமா?" என்று கேட்டான்.

புவானானி மீன் முள்ளை எடுத்துக் கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நெசந்தான் கண்ணு. ரொம்ப நல்ல விஷயம் ஞாபகப்படுத்தினே," என்று அவன் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை நாலரைக்கு எழுந்தேன். வாசற்படியில் நாற்காலி போட்டு, மடியில் போர்வை, கையில் காப்பியோடு அவள் உட்கார்ந்திருக்கிறாள். "எங்க போறே லோபகா?" என்றாள், தேன் சொட்டுகிற குரலில். பின்கதவுக்குப் போனேன், எனக்கு முன்னால் அங்கே வந்து நின்று, "எங்க போறே லோபகா?" கழிவறைக்குப் போனால்கூட, பழகிக்கொள்கிறாளாம், "எங்க போறே?" சரி, பெண்டாட்டி கேட்கிற வாசல் வேண்டாம் என்று படுக்கையறை ஜன்னலில் ஏறினேன். நல்ல காலை முதலில் வெளியே விட்டிருக்க வேண்டும், அவசரத்தில் கெட்ட காலை விட்டேன். உடம்பு பாதி உள்ளே, பாதி வெளியே, கீழே சீமைக் கருவேல முள். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு அம்மாள் கோழிக்குத் தீனி போட வந்தாள். "என்னய்யா இது, வாசல் அங்க இருக்கு, நீரு இந்தப் பக்கமா எங்க போறீரு?" ஒரே நாளில் நாலு தடவை கேட்கப்பட்ட மனிதன் இந்தத் தீவுகளில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டெரிக் ஏணி கொண்டுவந்து இறக்கினான். எங்கே என்று கேட்டுவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டான், பாவம்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். கேட்டால்தானே கெடும், காதில் விழாவிட்டால்? இன்று காலை இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே மெழுகு வைத்து, அதற்கும் மேலே துண்டைக் கட்டிக்கொண்டு நேராக வாசலுக்கு நடந்தேன். அவள் வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெற்றி என்று நினைத்துப் படியிறங்கினேன். அவள் நாற்காலிக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். எங்கே போகிறாய் லோபகா என்று பெரிய எழுத்தில், சுற்றிலும் பூ வரைந்து எழுதியிருந்தது. பூவை நோயெலானி வரைந்தாளாம். பெற்ற மகள் அண்ணா! அதையும் மீறித் தெருமுனைக்குப் போய்ப் பிலிபோவிடம் நியாயம் கேட்டேன். "எழுதிக் காட்டினா கேட்டதா ஆகுமாடா?"

பிலிபோ தாடையைச் சொறிந்தான். "வாயால கேட்டா காத்தோட போயிரும். எழுத்துல கேட்டா அது நிக்கும்ல? இன்னும் மோசம்டா. மூணு நாளாத் திரும்பின ஆளு நீ. உன்னோட என் நாய்ங்கள ஏத்த மாட்டேன், கோச்சுக்காதே. அதுங்களுக்கும் குட்டி குடும்பம் இருக்கு," என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நான் வீட்டுக்கு வந்து கோபத்தில் பூட்ஸைத் தூக்கி எறிந்தேன். புவானானி அட்டையை மடித்தபடி, "அந்த முட்டிய வச்சுக்கிட்டு சரிவுல எறங்க முடியுமா உன்னால? நெசமாச் சொல்லு," என்றாள். முடியும் என்றேன். "பொய்," என்று உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, மலையைப் பார்த்து நின்று, எழுதக் கூடாத அந்தச் சொல்லை வாய்விட்டு மூன்று தடவை கூவினாள். தேங்காய் மரத்து மைனாக்களெல்லாம் பறந்தன. மலை முழுக்கச் சேதி போயிருக்கும்.

அதனால் நான் சோர்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். திட்டம் நான்கு இப்போதே தயார். வீட்டிலிருந்து கிளம்பினால்தானே எங்கே என்று கேட்பார்கள்? நாளை மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, எல்லோரும் பார்க்க, குழி வெட்டுகிற வேலை என்று சொல்லிப் பிலிபோவின் நிலத்துக்குப் போகிறேன். இருட்டிவிட்டது, முழங்கால் வலிக்கிறது என்று அங்கேயே படுத்துவிடுவேன். வெள்ளி காலை தாங்கள் விமான நிலையத்திலிருந்து நாய்களோடு நேராக அங்கே வர வேண்டும். கோவா முன்னால், மெலே பக்கவாட்டில், தாங்கள் மேலே, நான் கீழே. மூன்று மணி நேர வேலை. வழியில் யாராவது வாயைத் திறந்தால் தாங்கள் உடனே இருமத் தொடங்குங்கள். அது கேள்வி முடியும்வரை தொடரட்டும். இந்தக் கடிதத்தைப் பிலிபோவின் மச்சான் நாளை மதிய விமானத்தில் கொண்டுவந்து தங்கள் கையில் கொடுப்பான். படித்ததும் கிழித்துவிடவும்.

அண்ணிக்கு என் வணக்கம். நம் முன்னோர் தங்களுக்கு நீண்ட ஆயுளும், நாய்களுக்குக் கூர்மையான மூக்கும், எனக்கு இன்னும் மூன்று நாளைக்கு மட்டும் ஒழுங்கான முழங்காலும் தந்து காக்கட்டும்.

இப்படிக்கு, இந்தத் தடவை விடப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட தங்கள் தம்பி,
லோபகா

பின்குறிப்பு. வியாழன், மதியத்துக்குச் சற்று முன்.

மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள் அண்ணா. வேட்டை முடிந்துவிட்டது. இனிமேல் தாராளமாக எழுதலாம்: பன்றி, பன்றி, காட்டுப் பன்றி. நான் பிடிக்கவில்லை.

இன்று காலை ஐந்தரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் புவானானி குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள், என் பூட்ஸ். டெரிக்கின் கால்சட்டை, இடுப்பில் என் கத்தி. தெருமுனையில் பிலிபோவின் வண்டி உறுமுகிற சத்தம். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு கேள்வி போதும், அவளும் திரும்பித்தான் ஆக வேண்டும், அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. மூன்று நாள் பழியைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு வராது. வாயைத் திறந்தேன். அவள் அப்படியே குனிந்தபடி காத்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு தண்ணீர்க் குடுவையை நிரப்பி அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் அப்பாவோடு மலையேறுவாளாம், பிலிபோ பிறகு சொன்னான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு இன்றுதான் தெரியும். ஆறு மணிக்கு வாசலுக்கு வந்தேன். ஏழு மணிக்குத் தெருவுக்கு வந்தேன். எட்டரைக்கு மலை உச்சியில் மழை இறங்கியது. சரிவு வழுக்கும், அந்தப் பல் தொடையைக் கிழிக்கும், நமக்குத் தெரியாததா? நோயெலானி குடை கொண்டுவந்தாள், காப்பி கொண்டுவந்தாள், உட்காரச் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது அண்ணா, உள்ளபடி சொல்கிறேன்.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. பின்னால் பெரிய ஆண் பன்றி, அதன்மேல் கையை ஊன்றி அவள், தலைமுதல் கால்வரை சேறு. இறங்கினாள். என் காலைப் பார்த்தாள், நனைந்த சட்டையைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா ரோட்டுல நிக்கிறே?"

"ஏழு மணியிலேர்ந்து."

"நான் முப்பத்தேழு வருஷமா நிக்கிறேன்," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். கத்தியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை எங்க ஆளுங்ககிட்ட நீ புடிச்சதாவே சொல்லிக்கோ. பிலிபோ வாயத் தொறக்க மாட்டான்," என்று குளிக்கப் போனாள்.

சொல்ல மாட்டேன். நூற்றிருபது பேருக்கு முன்னால் எழுந்து நின்று, இது என் பெண்டாட்டி பிடித்தது, நான் ரோட்டில் நின்றேன் என்று சொல்லப்போகிறேன். முடிவு செய்துவிட்டேன். மைத்துனர்கள் சிரிப்பார்கள், இன்னும் முப்பது வருடத்துக்குச் சிரிப்பார்கள். நாய்கள் வேண்டாம், நீங்களும் அண்ணியும் மட்டும் வாருங்கள். நான் பேசும்போது என் பக்கத்தில் நம் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.