மூன்றாவது கண்ணுக்கு விலக்கு உண்டு

மனிதகுலம் நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்ததோடு ஓய்ந்துவிடவில்லை. இருபத்தொன்பதாம் எண் படிவத்தையும் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் இல்லாமல்கூட ஒருவர் எப்படியோ காலத்தை ஓட்டிவிடலாம். ஆனால் அறுபது வயதுக்கு முன்பே தன் ஓய்வுக்காலச் சேமிப்பில் கைவைத்தவரால், அபராதத்திலிருந்து விலக்குக் கேட்கும் அந்தப் படிவம் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. அதை வாங்கிப் பார்த்துத் திருப்பி அனுப்பும் பெரும்பொறுப்பு, வரி அலுவலகத்தின் மூன்றாம் கவுண்ட்டரில் பதினாறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. தற்பெருமை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன், என்னைவிட அதிகமாகத் திருப்பி அனுப்பியவர் இந்தக் கட்டடத்தில் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு தம்பதி என் முன்னால் வந்து நின்றார்கள். அந்த அம்மாள் சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் தைப்பவர். வயது நாற்பத்தெட்டு. கணவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் எங்கள் நோட்டீஸ்.

“சார், இவங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. சேமிப்புல இருந்து பத்தாயிரம் எடுத்து போன வருஷம் வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணினோம். அதை வரிக் கணக்குல மறைக்காம காட்டினோம். இப்ப ரெண்டாயிரம் அபராதம்னு வந்திருக்கு” என்றார் மெக்கானிக்.

மறைக்காமல் காட்டினார்களாம்! நெகிழ்ந்துபோனேன். இப்படிப்பட்ட நேர்மையாளர்கள் இருப்பதால்தான் எங்களுக்கு ஆளைத் தேடிப் பிடிக்கும் அலைச்சல் மிச்சமாகிறது.

“வெள்ளிக்கிழமை இடது கண்ணுக்குத் தேதி குடுத்திருக்காங்க” என்றார் அந்த அம்மாள். “முன்பணம் ரெண்டாயிரம். இதோ, கையில இருக்கிறது அவ்வளவுதான். இந்த மாசத்துக்குள்ள கண்ணு சரியாகலன்னா என் மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் நான் ஒருவனாகத் தெரிகிறேனாம். இல்லாவிட்டால் ஒன்றரை ஆளாகத் தெரிகிறேனாம். என்னைப் போன்ற ஊழியரை ஒன்றரையாகப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சேமிப்பை வைத்திருக்கும் நிதி நிறுவனம் எங்களுக்கு அனுப்பியிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன்.

“காரணக் குறியீடு ஒண்ணுன்னு போட்டிருக்கும்மா.”

“ஒண்ணுன்னா?”

“‘அறியப்பட்ட காரணம் ஏதுமில்லை.’”

“கண்ணு தெரியலன்னு நாலு பக்கம் எழுதிக் குடுத்தேனே சார்!”

“காரணம் இருக்கிறது வேற, அது அறியப்படுறது வேறம்மா. உங்க காரணம் இருக்கு. அறியப்படல.”

“இப்ப அறிஞ்சுட்டீங்கல்ல?”

“தனிப்பட்ட முறையில அறிஞ்சுட்டேன். அலுவலக முறையில இன்னும் இல்ல.”

அலுவலக முறையில் அறிவதற்கு ஒரே வழிதான். மருத்துவச் செலவு, அந்த ஆண்டின் வருமானத்தில் பாதியைத் தாண்ட வேண்டும். மெக்கானிக் நோட்டீஸின் முதுகிலேயே கணக்குப் போட்டார்.

“வருஷச் சம்பளம் இருபத்தஞ்சாயிரம். பாதி, பன்னண்டரை. ஒரு கண்ணு பத்து.”

“அடடா, நூலிழையில தவறிட்டீங்களே! ரெண்டு கண்ணையும் ஒரே வருஷத்துல பண்ணியிருந்தா இருபது. விலக்கு தானா வந்து மடியில விழுந்திருக்கும்.”

“அதுக்கு இருபதாயிரம் எடுக்கணுமே சார்?”

“எடுத்திருக்கலாமே” என்று சொல்லிவிட்டுப் படிவத்தின் ஒன்பதாம் வரியைப் பார்த்தேன். அதன் அழகில் மயங்கிப்போனேன். “இல்ல, எடுக்கிற பணமும் வருமானம்தான். இருபத்தஞ்சும் இருபதும் நாப்பத்தஞ்சு. பாதி, இருபத்திரண்டரை. ரெண்டு கண்ணு பத்தாது.”

“கண்ணுக்காக எடுத்த பணம் எப்படி சார் வருமானமாகும்?”

“எடுத்ததும் நீங்க பணக்காரங்க ஆயிடுறீங்க. பணக்காரங்களுக்குக் கண்ணெல்லாம் ஒரு செலவா?”

மெக்கானிக் விடவில்லை. பேனாவை உதறிக்கொண்டு மறுபடி எழுதினார். “அப்ப மூணு கண்ணுன்னு வெச்சுக்கோங்க. செலவு முப்பது. வருமானம் அம்பத்தஞ்சு. பாதி, இருபத்தேழரை. சார், தேறிடுது!”

சட்டத்துக்கு இதயம் இல்லை என்று யார் சொன்னது? வழி இருக்கத்தான் இருக்கிறது. அந்த அம்மாளிடம்தான் ஒரு கண் குறைகிறது.

இவ்வளவு நுட்பமான விவகாரத்தை நான் ஒருவனே முடிவுசெய்வது முறையல்ல. பதினொரு மணிக்கு மேலாளர் அறையில் அவசரக் கூட்டம் கூடியது. மேலாளர், சட்ட ஆலோசகர், நான், நான்கு டீ. நான்காவது டீ யாருக்கு என்பதில் கால் மணி நேரம் போனது. பிறகு விஷயத்துக்கு வந்தோம்.

“எத்தனை கண்ணுன்னு சட்டம் எங்கயும் சொல்லல” என்றார் ஆலோசகர். “மூணாவது கண்ணுக்கு ரசீது கொண்டுவந்தா நாம மறுக்க முடியாது.”

“மறுக்கவே கூடாது!” என்று மேலாளர் மேசையைத் தட்டினார். “நாமளும் மனுஷங்கதான?”

‘மூன்றாவது கண்ணுக்கான விலக்கு கொள்கையளவில் ஏற்கப்படுகிறது’ என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நான் ஓட்டமும் நடையுமாகக் கவுண்ட்டருக்கு வந்து அறிவித்தேன்.

அந்த அம்மாள் இடது கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். “அந்தக் கண்ணு எந்தக் கடையில சார் கிடைக்கும்?”

அது எங்கள் பிரிவில் வராது என்பதைப் பணிவாகத் தெரிவித்தேன்.

மெக்கானிக் சுவரோரம் ஒதுங்கி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். “வெள்ளிக்கிழமை வரலைங்க. இல்லைங்க, பயமெல்லாம் இல்ல. அடுத்த தேதியா? சொல்லத் தெரியலைங்க.” அந்த அம்மாள் கண்ணுக்கு வைத்திருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து, அபராதத்துக்காக என் முன்னால் எண்ணி வைத்தார்.  அலுவலக நேரம் என்பதால் நானும் மறுபடி எண்ணிச் சரிபார்த்துவிட்டு ரசீது போட உட்கார்ந்தேன்.

ரசீதில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. ‘அபராதம் விதித்ததற்கான காரணம்.’ பதினாறு ஆண்டுகளாக அதில் ‘மேலே கண்டபடி’ என்று எழுதிவந்தேன். இந்த ஆண்டு வந்திருக்கும் புதிய கம்ப்யூட்டர் குறியீட்டு எண் கேட்கிறது. பட்டியலை மேலும் கீழும் புரட்டினேன். வருமானத்தை மறைத்தல்? மறைக்கவில்லை. பொய்க் கணக்கு? இல்லை. தாமதம்? அதுவும் இல்லை. ஒவ்வொரு எண்ணாகத் தட்டத் தட்ட, கம்ப்யூட்டர் ஆதாரம் கேட்டது. ஆதாரம் கேட்காமல் அது ஏற்றுக்கொண்ட எண் ஒன்றே ஒன்றுதான்.

அந்த அம்மாள் ரசீதை வாங்கி முகத்தருகே பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

“காரணக் குறியீடு ஒண்ணு. ‘அறியப்பட்ட காரணம் ஏதுமில்லை.’”

நான் ஃபைலுக்குள் குனிந்துகொண்டேன்.

“ஏங்க,” என்றார் அவர் கணவரிடம், “டாக்டர் நல்லாத்தான் பண்ணியிருக்காரு. ஒரு கண்ணுலயே எல்லாம் நல்லாத் தெரியுது.”