வெளியே போன நூற்று எண்பத்தேழு பேர்

கோயமுத்தூர் ஜில்லாவில் புள்ளி சாரைப் போலப் பொய் சொல்லத் தெரியாத மனிதரை நான் பார்த்ததில்லை. அவரைப் போல ஒருத்தர் விடாமல் அத்தனை பேராலும் சந்தேகிக்கப்பட்ட மனிதரையும் பார்த்ததில்லை. மில் வாட்ச்மேன் சந்தேகப்பட்டார். மானேஜர் சந்தேகப்பட்டார். தொழிற்சங்கம் சந்தேகப்பட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒரு விஞ்ஞானியும் சந்தேகப்பட்டார். எல்லோருக்கும் முன்னால் சந்தேகப்பட்டவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். துடியலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அத்தனை பெரிய மில்லுக்கு ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆபரேட்டர், இருவருக்கும் சேர்த்து ஒரு ஏ.சி. அறை. ஆட்களின் வருகைப் பதிவும் ஷிப்ட் பட்டியலும் அதில்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் யாரும் உள்ளே வரலாம். கோயிலுக்குள் நுழைகிற மாதிரிதான் நுழைவார்கள், ஆனால் பக்தி இருக்காது. கம்ப்யூட்டர் வந்தால் ஆட்குறைப்பு வரும் என்பது அப்போது ஊரெல்லாம் பேச்சு.

ஒருநாள் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். "காலேஜ்ல எனக்கு பிசிக்ஸ் எடுத்த சார் ஒருத்தர் வருவாருங்க. ஞாயித்துக்கெழம மிஷின் சும்மாதான இருக்குது, அவருக்குக் குடுங்க" என்றார்.

என்னை வேவு பார்க்கத்தான் ஆள் அனுப்புகிறார் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

வந்தவர் மொபெட்டில் வந்தார். கையில் தூக்குப்போசி. வாட்ச்மேன் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "ஏனுங்க, சோத்துப் போசியில சோறே இல்லீங்க. கருப்பா, சதுரஞ்சதுரமா என்னமோ அடுக்கி வெச்சிருக்கறாருங்க." அவை ஃபிளாப்பிகள். தூசி படாமல் இருக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது என்பது அவர் கண்டுபிடிப்பு.

அவருடைய படிப்பு, கேலக்ஸிகள், அதாவது நட்சத்திரக் கூட்டங்கள், எப்படி உண்டாயின என்பது. பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருந்தவர். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து காலேஜில் சேர்ந்துவிட்டார். காலேஜ் கம்ப்யூட்டர் அறையின் சாவி பிரின்சிபால் மேஜைக்குள் இருந்தது. பிரின்சிபாலும் அவரைச் சந்தேகப்பட்டார்.

வானத்தைப் பற்றிப் படித்தவர் என்பதால், துருவ நட்சத்திரம் எங்கே இருக்கும் என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். வெகுநேரம் யோசித்தார். "வடக்காலதான் இருக்கோணுங்க" என்றார். என் சந்தேகம் இரட்டிப்பானது.

ஆனால் விளக்கச் சொன்னால் அழகாக விளக்குவார். "உங்க மில்லுல பஞ்சுத் தூசி பறக்குதுங்களே, பாத்திருக்கீங்களா? மொதல்ல எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதான் பறக்கும். எங்கியோ ஒரு எடத்துல துளி சேந்துரும். அப்புறம் அங்கயே சேந்து சேந்து உருண்டை ஆயிரும். கேலக்ஸியும் ஏறக்கொறைய அப்படித்தானுங்க." அந்தத் தூசிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டருக்குள் ஆயிரத்து இருநூறு புள்ளிகளைத் தூவிவிட்டு, ஒன்றை ஒன்று இழுக்க விட்டு, என்ன ஆகிறது என்று வேடிக்கை பார்ப்பார். காலையில் தொடங்கினால் பொழுது சாயும்போது முடியும். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் அடுத்த ஞாயிறு. அச்சடித்த தாளெல்லாம் புள்ளி. அதனால்தான் புள்ளி சார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. உயிர் உள்ளது இல்லாதது என்று பார்க்காமல் எதற்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். "இவரு பாருங்க, மெதுவா நடுவுக்கு வாராரு. அவரு கோவிச்சுக்கிட்டு ஓரமாப் போறாரு" என்று புள்ளிகளைச் சொல்வார்.

அவருக்கும் ஒரு தலைவலி இருந்தது. கேலக்ஸி உருவாகும்போது கணிசமான நட்சத்திரங்கள் வெளியே தூக்கி எறியப்படுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார். அதைப் பரிசீலித்த பெயர் தெரியாத ஒருவர், 'இதை நான் நம்பவில்லை, புள்ளிகளைக் கூட்டிச் செய்து பாருங்கள்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். புள்ளி இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு ஆகும். ஒரு ஞாயிறு போதாது. ஆகவே அவசியம் இல்லை என்று பக்கம் பக்கமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். பதில் எழுதும் வேகத்தைப் பார்த்தால் கொஞ்சம் பயந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

இப்படி இருக்கையில், குப்பைக்குப் போன அவருடைய தாள்கள் மில் வாசல் டீக்கடைக்குப் போய், போண்டாவைச் சுற்றிக்கொண்டு தொழிற்சங்கச் செயலாளர் மாராத்தாள் கைக்குத் திரும்பி வந்தன.

மாராத்தாள் அக்கா நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் டிபார்ட்மெண்ட். அவர் கேள்வி கேட்டால் மானேஜர் தண்ணீர் குடிப்பார். முதல் தாளில் புள்ளிகள் பரவலாக இருந்தன. இரண்டாவதில் நடுவில் கூட்டம். மூன்றாவதில் நடுவில் ஒரே அடர்த்தி, ஓரத்தில் சிதறல். கீழே ஆங்கிலத்தில் 'மொத்தம் 1200, வெளியேறியது 187'. எங்கள் மில்லில் அப்போது ஆட்கள் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு.

அடுத்த ஞாயிறு அக்கா ஆறு பேரோடு வந்தார். வாசலில் புதிதாக ஏழு ஜோடிச் செருப்பு.

"ஏனுங் சார், இந்த நூத்தியெம்பத்தேழு பேரு யாருங்க?"

பத்து வருஷத்தில் புள்ளி சாரிடம் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி யாரும் தாமாக வந்து கேட்டதில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "அவங்களா? அவங்க வெளிய போயிட்டாங்க அம்மணி. இனித் திரும்பி வர மாட்டாங்க."

"யாரு அனுப்பறது?"

"யாரும் அனுப்பறதில்லீங்க. நடுவுல இருக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் நெருங்க நெருங்க, சில பேரு தூக்கி எறியப்பட்டுருவாங்க. அது இயற்கைங்க."

நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். "காலு பட்டுருச்சுங்க" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"இதெல்லாம் மொதலாளிக்குத் தெரியுமுங்களா?"

"அவருதாங்க இந்த மிஷினையே குடுத்தாரு."

மாராத்தாள் அக்கா தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வாசலில் கூட்டம். நூற்று எண்பத்தேழு பேரை வெளியே அனுப்பக் கூடாது என்று வேலைநிறுத்த நோட்டீஸ். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, ஷிப்ட் பட்டியலை வெளியே விட்டது நீதானே, அந்த வாத்தியார் சங்கத்து ஆள்தானே என்று கேட்டார். சின்ன முதலாளியோ வெளியூரில். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். புள்ளி சாரைக் காலேஜிலிருந்து கூட்டி வந்து, மானேஜர் அறையில், சங்கத்துக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

அவர் மறுபடியும் பஞ்சுத் தூசியிலிருந்து ஆரம்பித்தார். அரை மணி நேரம். அறையில் பாதிப் பேர் கண் சொருகிவிட்டார்கள். மாராத்தாள் அக்கா மட்டும் முகவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறனுங்க" என்றார். "எங்கப்பன் மாட்டுத் தரகருங்க. சின்னச் சந்தையில ரெண்டு மாடு முட்டிக்கிட்டா ஒண்ணு வெளிய ஓடிருமுங்க. அந்தியூர்த் தேருக்குக் கூடுற பெரிய சந்தையில முட்டிக்கிட்டா எங்கீங்க ஓடும்? சுத்திலும் மாடுதான். ஆயிரத்தி எரநூறு வெச்சதுனாலதான நூத்தியெம்பத்தேழு ஓடுது. ரெண்டு மடங்கு வெச்சுப் பாத்தீங்களா?"

புள்ளி சார் எழுந்து நின்றுவிட்டார். "இதையேதானுங்க அந்த வெளிநாட்டுக்காரரும் கேட்டாரு" என்றார்.

"அப்ப ஏன் செய்யல?"

"மிஷின் ரெண்டு நாள் முழுசா ஓடோணும். கரண்டு போகக் கூடாது."

மாராத்தாள் அக்கா மானேஜரைப் பார்த்துத் திரும்பினார். "ஜெனரேட்டர் லைன் குடுங்க. புள்ளிய ரெட்டிப்பாக்கி ஓட்டட்டும். எங்க ஆளுங்க முறை போட்டுப் பக்கத்துல உக்காந்து பாப்பாங்க. அது ஆளு இல்ல, வெறும் புள்ளிதான்னு தெரிஞ்சா நோட்டீஸ வாபஸ் வாங்கிக்கறோம்."

ஒரு விஞ்ஞானிக்கு எந்த அரசாங்கமும் செய்யாத ஏற்பாட்டை எங்கள் சங்கம் செய்துகொடுத்தது. இரண்டு நாள், கம்ப்யூட்டரைச் சுற்றி ஆள் மாற்றி ஆள் காவல். நான் தும்மினால்கூட மூன்று பேர் முறைத்தார்கள். புள்ளி சார் வீட்டுக்குப் போகவில்லை. காவலுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த சோற்றில்தான் அவருக்கும் பங்கு.

புதன்கிழமை மத்தியானம் அச்சு வந்தது. மொத்தம் இரண்டாயிரத்து நானூறு. வெளியேறியது முப்பத்தொன்று.

மாராத்தாள் அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். "ஆளு கூடக் கூட வெளிய போறது கொறையுது. சரிங்க, இது எங்க மில்லு இல்லீங்க" என்றார். நோட்டீஸ் வாபஸ் ஆனது.

புள்ளி சாருக்கோ நான்கு வருஷ உழைப்பு தப்பு. புள்ளி போதாததால் வந்த கோளாறைத்தான் நட்சத்திரங்களின் இயல்பு என்று எழுதியிருந்தார். நாற்காலியில் வெகுநேரம் அசையாமல் இருந்தார். அக்காதான் பக்கத்தில் போய், "மனசு ஒடஞ்சு போகாதீங்க சார். தப்புன்னு நீங்களேதான கண்டுபிடிச்சீங்க" என்றார்.

"நீங்க கண்டுபிடிச்சீங்க அம்மணி" என்றார் அவர்.

பழைய கட்டுரையைக் கிழித்துப்போட்டார். குறைந்த புள்ளிகளை நம்பினால் எப்படி ஏமாறுவோம் என்று புதிதாக ஒன்று எழுதினார். சந்தேகப்பட்ட அந்த வெளிநாட்டுக்காரர் ஒரே கடிதத்தில் ஏற்றுக்கொண்டார். அச்சான கட்டுரையின் முடிவில், சரியான கேள்வியைக் கேட்டதற்காக ரீலிங் டிபார்ட்மெண்ட் மாராத்தாளுக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதை அக்கா என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். நான் சும்மா சொல்லவில்லையே என்று இன்னும் இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். அதற்குள் அவருடைய அப்பாவும் தவறிவிட்டிருந்தார். கிளம்பிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மில்லில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். ஏ.சி.யைப் போட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டு, மத்தியானம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.